படித்ததற்கு ஒரு கையெழுத்து

ஹம்சாவுக்கு,

காபிப்பொடி எடுக்கும்போது கண்ணில் படட்டும் என்று இதை டப்பாவுக்குள் வைக்கிறேன். வாயால் சொன்னால் உனக்கு நினைவில் நிற்பதில்லை.

தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாய். போட்டதை மறந்து இன்னொன்றும் போடுகிறாய். அப்படித்தான் போன மாதம் பால்கனியில் விழுந்தாய். பயந்துபோய் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தேன். மூன்றாம் நாள் உனக்கு வலிப்பு வந்தது. சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

இப்போது அவர் சொன்ன அளவை நானே எடுத்துத் தருகிறேன். நீயோ என் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, "பையா, சாஹப் கே லியே" என்று கடைக்காரனிடம் இந்தியில் எனக்கு வாங்குவதாகச் சொல்லி வாங்கிவந்துவிடுகிறாய். மயூர் விஹாரில் எத்தனை கடைக்குத்தான் நான் போய்ச் சொல்வது?

கேட்டால், "நான் கீழயே போகலையே" என்கிறாய். பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஆபீஸில் சர்க்குலர் வந்தால் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடுவோம். நீயும் படித்துவிட்டுக் கீழே போடு.

உன் ஆத்துக்காரன்

பின்குறிப்பு: கீழே ஏற்கெனவே நான்கு கையெழுத்து இருப்பதைப் பார்த்துத் திகைக்காதே. எல்லாம் இந்த வாரம் நீ போட்டதுதான். இன்றும் ஒன்று போடு.