கச்சவடம் டல்லு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கிழக்கேகோட்டையில் கணுக்கால் தண்ணீர். செருப்பு போச்சு.

நல்ல சேதி: தாமஸ் சார் வியாழக்கிழமை வருகிறார். சின்னக் கம்பெனிகளில் பணம் போடுகிற கொச்சிக்காரர். ஸ்லைடெல்லாம் பிடித்துவிட்டது, இனி நேரில் பார்த்து முடிவு. சரியென்றால் இரண்டாவது அரவை மெஷின். இல்லையென்றால் என் மசாலாக் கம்பெனி அப்பா கடைப் பின்கட்டில் ஒற்றை மெஷினோடு கிடக்கும். காத்திருக்கிற பதினாலு ஹோட்டல்காரர்களும் வேறு ஆள் பார்ப்பார்கள்.

கெட்ட சேதி: சாருக்கு அப்பாவோடும் பேசணுமாம்.

அப்பாவுக்கு ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மொத்தக் கடை. முப்பது வருஷம். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "கச்சவடம் டல்லு." ஓணத்துக்கு முந்தின வாரம், வாசலில் லாரி நிற்கும்போதும் டல்லு. கண் படும், கடன் கேட்பான், நன்கொடை நோட்டு வரும். எல்லாம் நியாயமான காரணம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். அப்பாவுக்கு ஒத்திகை.

"வியாபாரம் எப்படி?"
"டல்லு."
"அப்பா."
"சரி. சுமாரு."

ஆறாவது தடவை 'பரவாயில்ல' வரை வந்தார். அதற்கே வேர்த்துவிட்டது. "என்னைப் பொய் சொல்லச் சொல்லுதியாட்டி?" முப்பது வருஷமாகச் சொல்வது என்னவாம்.

அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் நேர்ந்திருக்கிறாள். அப்பா: "தேங்கா விலை அறியுமா? பதினொண்ணு போதும்." பிள்ளையாரிடமும் பேரம்.

வேண்டியவை: மாஸ்க் 2 (புது ஆள் தும்மும்). நல்ல நாற்காலி, டீக்கடையில் கேட்க. அப்பா சட்டை இஸ்திரி.

ஜூன் 11, புதன்

முன்னேற்றம். "நல்லா போகுது சார், வருஷா வருஷம் கூடுது." முழுசாகச் சொல்லிவிட்டார். ஜன்னலைச் சாத்திய பிறகு.

ஜூன் 12, வியாழன்

வெயில். சார் பத்தரைக்கு. படி ஏறியதும் ஏழு தும்மல், மாஸ்க் மட்டும் வேண்டாமாம். மெஷின் பார்த்தார், சாம்பார்ப் பொடி முகர்ந்தார், மறுபடி தும்மல். பிறகு அப்பாவிடம், மெட்ராஸில் படித்த தமிழில்:

"பிசினஸ் எப்படிப் போகுது அண்ணாச்சி?"

அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "பிரமாதமா போகுது சார். வருஷா வருஷம் கூடுது. மோளுக்க மசாலாவால எனக்கும் கச்சவடம் கூடிற்று."

கடைசி வரி நான் சொல்லிக் கொடுக்காதது. கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கடை முருகேசன் அண்ணாச்சி தராசை அப்படியே நிறுத்திவிட்டார்.

"சந்தோஷம். அப்போ மகள் கம்பெனியில நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"கச்சவடம் டல்லு சார்."

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. சார் சிரித்தார், தும்மினார், சிரித்தார். போகும்போது என்னிடம்: "அப்பா முதல்ல போடட்டும், எவ்வளவானாலும் சரி. அவரே போடாத இடத்துல நான் எப்படிப் போடுறது?"

அப்பாவோடு பேசவில்லை. ராத்திரி சோறு வேண்டாமென்றேன். நாலு தோசை தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே உற்சவக் கமிட்டி ரசீது புத்தகத்தோடு கடையில். முருகேசன் அண்ணாச்சி உபயம். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

மத்தியானம்: "அவருக்குக் காட்டினதை எனக்கும் காட்டு." வத்தல் மூட்டைமேல் லேப்டாப். தாமஸ் சார் நாலு கேள்வி கேட்டார், அப்பா பதினொன்று. ஹோட்டல்காரன் இழுத்தடிச்சா? வத்தல் விலை ஏறினா? மெஷின் நின்னுட்டா? மூன்றை விசாரித்துச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கடைசியில், "எங்கிட்ட நீ கேக்கவே இல்லையேட்டி."

"நீங்கதான் எப்பவும் டல்லுன்னு சொல்லுவீங்களே."

லேப்டாப்பை மூடினார். "அது ஊராருக்கு. வீட்டுலயும் நம்பிட்டியா?"

நம்பித்தான் இருக்கிறேன். பள்ளிக்கூட டூருக்குப் பெயர் கொடுக்காத நாளிலிருந்து.

செக் எழுதினார். நான் நினைத்ததைவிடப் பெரிது. "யார்ட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா."

ஜூன் 27, வெள்ளி

சார் பணமும் வந்தாயிற்று. பழவங்காடியில் இருபத்தொன்றும் உடைத்தோம். குறைக்கவில்லை. தேங்காய்க் கடையில் மட்டும் அப்பா கால் மணி நேரம் பேரம்.

திரும்பி வந்தால் கடை வாசலில் லாரி, நாலு பேர் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மோளே, கம்பெனி எப்படிப் போகுது?"

"டல்லு அண்ணாச்சி."