கண்ணெடுக்காமல் பார்க்கும் வேலை

வீட்டுக்காரம்மாவுக்கு,

சுகமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன் கேமரா கெட்டுவிட்டதாகச் சொன்னேனே, அது பொய். எனக்குப் புருவம் இல்லை, சிரிக்காதே. கரண்டை நிறுத்தியாச்சு என்று நம்பி, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு ஸ்விட்ச்போர்டில் கைவைத்தேன். பளீரென்று வெடித்தது. இங்கே கம்பெனியில் ஒருவர் கரண்ட் வேலை செய்தால், இன்னொருவர் கொக்கித்தடியோடு நின்று அவரையே கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். எனக்காக நின்ற மீசைக்காரர் கொக்கியை என் இடுப்பில் மாட்டி இழுத்துப் போட்டார். “மூஞ்சி தப்பிச்சுது தம்பி, புருவம் மொளைச்சிடும்” என்றார்.

இப்போது லீவு. மருந்து போடும் நேரம், சீக்கிரம் முடிக்கிறேன். எல்லாரும் வேலைக்குப் போனபின் அறையில் என்னைப் பார்க்க ஆளில்லை. நாளைக்கு வீடியோவில் கூப்பிடு. பேசக்கூட வேண்டாம், போனை அடுப்படியில் சாய்த்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நடுநடுவே இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

உன் வீட்டுக்காரன்