உலக்கை கைமாறும் இடம்

2024 ஓகஸ்ட் 3, சனி
மதுரங்குளியில் ஒத்திகை. குழுவை நடத்துகிற ஜெமீல் நானாவின், தேங்காய் காயவைக்கிற கொப்பறாக் கொட்டில்தான் எங்களுக்கு இடம். வாளி, தாச்சி, கேத்தில் மூடி, தும்புத்தடி என்று வீட்டுச் சாமான்களைத் தட்டித் தாளம் போட்டு ஆடுகிற குழு எங்களுடையது. ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் கூப்பிட்டிருக்கிறது. பதினேழாம் திகதி மேடை.

என் கணவர் தனஞ்சயனும் வந்திருந்தார். சித்திரையில் அவரை விட்டு உடப்புக்கு, அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஓகஸ்ட் 6
ஹோட்டல்காரர் உலக்கை ஆட்டம் கேட்கிறாராம். அதை நானும் அவரும்தான் ஆடுவோம். உலக்கையால் பலகையில் இடித்துத் தாளம் வைத்து, சுற்றி வந்து, கடைசியில் அவர் எறிய வேண்டும். முதுகைக் காட்டி நிற்கிற நான் சட்டென்று திரும்பிப் பிடிக்க வேண்டும். மேடைக்கென்று செய்த பாரமில்லாத உலக்கை.

"ஏலுமா தங்கச்சி?" என்றார் ஜெமீல் நானா.

ஏலும் என்றேன். வேலைதானே.

ஓகஸ்ட் 13
உலக்கை தவறாமல் பிடிபடுகிறது. அவரோடு பேச்சு இல்லை.

ஓகஸ்ட் 14
வாளி தட்டுகிற ஹஃபீலா, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சித்திரையில், வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது, வலி வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவருக்குக் கற்பிட்டியில் மேடை. அண்ணன் போனில் சொல்ல, முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். முடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்குள் பிள்ளை போய்விட்டது. அவரை உள்ளே விடவேண்டாம் என்றது நான்.

ஹஃபீலா அழுதாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குரல்கூட மாறவில்லை — எனக்கு என்ன ஆகிவிட்டது?

ஓகஸ்ட் 17, சனி
நன்றாகத்தான் எறிந்தார். நான் திரும்பினேன். உலக்கை வருவது தெரிந்தது. கையை நீட்டேல்ல. ஏன் எண்டு எனக்கே தெரியா. நீட்டேல்ல.

விழுந்து உருண்டது. வாளிச் சத்தம் நின்றது. அவர் அப்படியே நின்றார். குனிந்து எடுத்து இடிக்கத் தொடங்கினேன் — தாளமில்லை, வெறும் இடி. இடிக்க இடிக்க அழுகை வந்தது. சித்திரைக்குப் பிறகு இண்டைக்குத்தான். ஹஃபீலா மெதுவாக வாளியில் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லாரும்.

சனம் எழும்பிக் கை தட்டியது. அதுவும் ஆட்டம் என்று நினைத்திருக்கும்.

ஓகஸ்ட் 18
ஜெமீல் நானா போன் எடுத்தார். அடுத்த மேடையில் எறிகிறதை எடுத்துவிடுவோமா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு
பின்னேரம் அவர் வந்தார். அம்மா குசினிக்குள் போய்விட்டார். அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். கதிரையைத் தள்ளி வைத்தேன்.

"அண்டைக்கு நான் பாதியில விட்டிட்டு வந்திருக்க வேணும்."

"ஓம்" என்றேன்.

அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை… ஆம்பிளையா, பொம்பிளையா?"

அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல விடவில்லை.

"பொம்பிளப் பிள்ளை. உங்கட மூக்கு."

முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பக்கத்தில் போகவில்லை. உள்ளேயும் போகவில்லை.

எங்கே அடக்கம் செய்தது என்று கேட்டார். வெயில் தாழட்டும், காட்டுகிறேன் என்றேன்.

போய்விட்டு இப்போதுதான் வந்தோம்.