சாம்பலுக்குக் கீழே இருந்த கரை

ஆல்டர்பி,
14 அக்டோபர் 1981

அன்புள்ள ஹேசல்,

நியூசிலாந்தில் இப்போது வசந்தம் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? இங்கே பத்து நாளாக மழை. கோட்டை மேட்டில் ஆடுகள்கூட ஏறவில்லை. என் அம்மா நலம். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையை இன்னும் விடவில்லை. என் பட்டச் சான்றிதழை அடுப்புக்கு மேலே மாட்டி, பால்காரர் உட்பட எல்லோருக்கும் காட்டுகிறாள்.

உன் அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் உனக்கு எழுதாத செய்தி ஒன்று இருக்கிறது. அதை நான்தான் எழுத வேண்டும்.

பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நீ கேட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழ் வயலில் உங்களுக்காக ஒரு சின்ன வீடு கட்ட நினைத்தார். பழைய ரயில் பாதையை ஒட்டி, நீ என்னை மடியில் வைத்துச் சறுக்கிய நீள மண்கரை குறுக்கே நின்றது. பழைய கோட்டையைச் சேர்ந்த கரை என்றால் சட்டப்படி தொடக்கூடாது. ரயில்காரர்கள் கொட்டிய மண் என்றால் அள்ளலாம்.

இந்தக் கோடையில் மாவட்ட அலுவலகத்துக்காக நம் ஊர் மேடுபள்ளங்களை அளந்து வரைந்தது நான். என் முதல் வேலை. அந்தக் கரையில் ஒரே இடத்தில்தான், அடிமண்ணை எடுத்துப் பார்க்கும் துளைக்கோலை இறக்கினேன். ஒரு சாண் ஆழத்துக்கு ரயில் எஞ்சினின் நிலக்கரிச் சாம்பல். இன்னும் கீழே இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குள் ஓடினேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவர் மேசையில் இருந்தார்கள். உன் அப்பா டீ ஊற்றிக்கொண்டே, "என்ன புரொபசரம்மா, பூட்ஸ வெளிய விட்டுட்டு வரணும்னு காலேஜுல சொல்லித்தரலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கேட்டார்: "அந்தக் கரை ரயில்காரன் கொட்டுனதுதானே கண்ணு?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இன்னும் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இதற்கா இவ்வளவு படித்தாய் என்பார்களோ என்று கூச்சம். தலையாட்டிவிட்டேன். "பாத்தீங்களா, இதுக்குத்தான் ஊர்ல ஒருத்தியாவது படிக்கணும்ங்கிறது!" என்று மேசையைத் தட்டினார்.

மறுநாள் என்னை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. பத்தாம் நாள் திரும்பியபோது பாதிக் கரையைக் காணோம். வெட்டிய ஓரத்தில் மேலே அந்த ஒரு சாண் சாம்பல். அதற்குக் கீழே ஆளுயரத்துக்குச் சிவப்புக் களிமண். அடியில் கருகிய மரக்கம்பங்களின் தடம். கோட்டையின் வெளிக்கரை. எண்ணூறு வருடம் நின்றது. தண்டவாளத் தொழிலாளர்கள் வழுக்காமல் நடக்க அதன்மேல் சாம்பல் பரப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

உன் அப்பாமேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். யார் சொல்லி வெட்டினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது நான் அங்கேயே நின்றேன். உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரு சொல்லணும்? என் வயலு, என் புத்தி" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு தனியாகப் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா கிட. எனக்கு அறுபத்தேழு வயசு. என் பேரு கெட்டா ஆடு புல்லு திங்காதா? உன் வேலை போனா உங்கம்மா யார் முகத்துல முழிப்பா?" என்று கதவைச் சாத்தினார்.

அந்த வயலில் இனி ஒரு செங்கல் வைக்கவும் விடமாட்டார்கள். அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கடிதம் போடாமல் இருக்கிறார்.

குறிப்பேட்டை நேற்று அலுவலகத்தில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை விசாரணை. அங்கேயும் சொல்லப் போகிறேன். நாலு பேர் நடுவில் என் குரல் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது, எழும்பியதா இல்லையா என்பது முடிவாகியிருக்கும்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வீடு இல்லை என்பதற்காக வராமல் இருந்துவிடாதே. இருக்கிற இரண்டு அறையில் நெருக்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை என்று அவருக்கு நீயே எழுது. அவராகக் கூப்பிட மாட்டார்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போகும்,
லோர்னா