நான் கேட்டது வேறு ஸ்கானர்

அனுப்புநர்:
சி. அரியரத்தினம்,
நான்காம் மாடி, இடப்புறக் கதவு,
லா சப்பல், பரிஸ்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குடியிருப்பு நிர்வாக அலுவலகம்,
பரிஸ்.

விடயம்: என்னிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட வானொலிக் கருவியைத் திருப்பித் தருமாறு கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உங்கள் கட்டடத்தில் குடியிருப்பவன். உணவகச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். வானொலி வேலையை எவரிடமும் படிக்கவில்லை. பழுதான பெட்டிகளைக் கழற்றிப் பழகினேன். என் பிரெஞ்சு எனக்குச் செய்த கேட்டைக் கீழே சொல்கிறேன். ஆகவே தமிழில் எழுதுகிறேன். எங்கள் சங்கத்து அற்புதமலர் மொழிபெயர்ப்பார். எதையும் மென்மையாக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

2. கருவி, கைக்குள் அடங்கும் ஸ்கானர். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடி, பேச்சு உள்ள இடத்தில் நிற்கும் வானொலிப் பெட்டி. பழைய பொருள் சந்தையில் புதிய ரகமும் இருந்தது. அது ஒட்டி மூடப்பட்டது; திறந்தால் உடையும். திருகாணி உள்ள பழையதையே வாங்கினேன். பண்பலை நிலையங்கள் எல்லாவற்றின் மேலும் ஏறிப் பாடியதால், அவற்றைத் தடுக்கச் சிறு கம்பிச்சுருளை உள்ளே பற்றவைத்தேன். இரப்பர் அன்ரனாவை நீக்கிச் செப்புக் கம்பி பொருத்தினேன்.

3. முற்றத்தில் அந்தக் கம்பியைக் கண்ட கட்டடக் காவலாளி றொஜர், நான் பொலிஸ் பேச்சை ஒட்டுக்கேட்பதாகச் சொல்லி, பெட்டியை என் கையிலிருந்து எடுத்துப் போய் உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தார். பொலிஸ் பேச்சு, வெளியார் கேட்டால் விளங்காதபடி குறியீட்டால் பூட்டுப் போட்ட பேச்சு. இந்தப் பெட்டிக்கு அது எட்டாது. நான் கேட்பது, வீட்டிலிருந்தே கருவி வைத்து ஒருவரோடொருவர் பேசும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களை. அவர்கள் நிதானமாக, பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பேசுவார்கள். இந்த நாட்டில் எனக்கு முழுதாக விளங்கும் பிரெஞ்சு அது ஒன்றுதான்.

4. உங்கள் அலுவலகத்துக்கு வந்து "ரேடியோ, ஸ்கானர்" என்று கேட்டேன். எங்கே என்றார் அங்கிருந்த அம்மையார். பெட்டியை நான் வழக்கமாக வைத்திருந்த, நெஞ்சுப் பக்கத்துச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். அந்நேரம் பார்த்து இருமலும் வந்தது. அவர் கதிரை தந்து உட்காரவைத்து, ஒரு முகவரி எழுதித் தந்தார். அது சுகாதார நிலையம். அங்கும் அதையே சொன்னேன். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஒரு தாள் தந்தார். அதில் 'ஸ்கானர்' என்று இருந்ததை என் கண்ணால் வாசித்தேன். பெட்டியை விடுவிக்கும் உத்தரவு என்று நம்பினேன். தாளுடன் போன இடத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்தார்கள்.

5. என் மகள் தர்மிளா, "ஐயோ அப்பா, இஞ்சை ரேடியோ எண்டால் எக்ஸ்றே. ஸ்கானர் எண்டால் உடம்பைப் படம் பிடிக்கிறது. ஆரிட்டைப் போய் என்னத்தைக் கேட்டனீங்கள்?" என்று சிரித்தாள். முடிவு வந்தபின் அவள் சிரிக்கவில்லை. வலது நுரையீரலில் ஏதோ இருக்கிறதாம். அது வேறு விடயம். இம்மனுவுடன் சேர்க்க வேண்டாம்.

6. பிறகு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அதே இரண்டு சொற்களை வைத்து உங்களுக்குக் கடிதமும் போட்டேன். நான் விரைவில் குணமடைய வாழ்த்திப் பதில் வந்தது. பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தோ நான் கேளாமலே கடிதத்தின் மேல் கடிதம் வருகிறது. இனி யாரிடம் போய் எந்தச் சொல்லால் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

7. நுரையீரலிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு என் ஒப்பம் வேண்டுமாம். பெட்டி கைக்கு வரும்வரை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தர்மிளா அழுகிறாள். நான் சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவன். ஆகையால், ஆஸ்பத்திரி குறித்த நாளுக்கு முன் கருவியைத் தந்துதவுமாறு மிகப் பணிவுடன் கேட்கிறேன். தாமதமானால் பிழை என்னுடையது மட்டுமாக இராது. தர்மிளாவிடம் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். அன்றே ஒப்பம் வைப்பேன்.

தங்கள் கட்டடக் குடியிருப்பாளன்,
சி. அரியரத்தினம்
(ஒப்பம்)

இடம்: பரிஸ்
திகதி: 11.03.2025