கூண்டுக்குள் ஸ்கங்க்

அம்மாவுக்கு எலூத்தேரியோவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஒஹாயோவில் நான் சுகம்.

காலையில் ஒரு கூத்து, பயப்படாதீர்கள். கொல்லையில் முயல் பிடிக்க வைத்த கூண்டில் ஸ்கங்க் மாட்டிக்கொண்டது. நம் மெக்சிகோவில் வாலடியிலிருந்து நாற்றநீரைப் பீச்சுமே, அதே பிராணிதான். நீங்கள் தந்த போர்வையைப் பிடித்தபடி நெருங்கினேன். முன்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கியது. அடுத்தது பீச்சல்தான்.

"ஓடாதே தம்பி! மெதுவா பேசிக்கிட்டே போர்வையால கூண்ட மூடு!" ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார் வீட்டுக்காரம்மா வில்மா.

நம் சாபோடெக் மொழியில், சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்க நீங்கள் சொன்னதையெல்லாம் அதனிடம் சொன்னேன். வால் மெல்லத் தாழ்ந்தது. கூண்டை மூடி, அதன் கதவைத் திறந்ததும் அது வேலிக்கடியில் நுழைந்து போய்விட்டது.

"அதுகிட்ட அப்படி என்னப்பா சொன்னே?" என்றார் வில்மா.

எட்டு மாதத்தில் நம் மொழியில் நான் பேசியது அதனிடம் மட்டும்தான், அம்மா. ஒரு கேசட்டில் பேசி அனுப்புங்கள். திட்டினாலும் சரி. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.