மிதந்த உருண்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இந்தச் சுரங்க முகாமில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பஸ்கா பண்டிகைக்கு மெல்போர்னிலிருந்து நீங்கள் அனுப்பிய புளிப்பில்லா அப்பம் லாரியில் குலுங்கி, ஒன்றைத் தவிர எல்லாம் நொறுங்கிவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு ரொட்டியத் தின்னு புள்ள" என்றாள் சமையற்காரி மேவிஸ். பண்டிகை முடியும்வரை புளித்த மாவு ரொட்டியைத் தொடக்கூடாது, அது பட்ட பாத்திரமும் ஆகாது என்றேன். உடனே அடுப்பேறாத புதுப் பானை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

நொறுங்கியதை இன்னும் பொடித்து, முட்டை விட்டுப் பிசைந்து, உருட்டிச் சூப்பில் போட்டேன். எல்லாம் மூழ்கின.

"போச்சு, உங்கப்பன் கைப்பக்குவந்தான் உனக்கும்" என்றாள் மேவிஸ். உங்கள் உருண்டைகள் கல்லாய் மூழ்கும் கதையை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தன அப்பா, பஞ்சு மாதிரி. உங்களுடையது என்றைக்காவது மிதந்ததுண்டா?

முழு அப்பத்தை வழக்கப்படி உடைத்துப் பாதியை ஒளித்து வைத்தேன். தேடியெடுத்துப் பரிசு கேட்க நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. மேவிஸ்தான் கண்டுபிடித்துப் பரிசு கேட்டாள்.

நம் பண்டிகை மேசைவிரிப்பை அனுப்பிவையுங்கள். திராட்சை ரசக் கறை இருக்கட்டும், துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி கிளம்புகிறது. உருண்டைக்கு உங்கள் செய்முறை வேண்டாம், என்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
திர்சா